சென்னைக்கு அகவை கணிப்போர் யார்?

ஓர் இனத்தின் நிலத்தைத் தனதாக்கிக் கொள்ள விரும்புகின்றவன், முதற்கண் அந்நிலத்தின் பெயரை மாற்றுகின்றான். அடுத்து அதன் வரலாற்றைத் தன் வருகையிலிருந்து தொடங்குகின்றான். பெயரும் தொடக்கமும் அவன் கைக்குப் போயின பின், நிலத்துக்குரியவன் தன் ஊரிலேயே விருந்தாளியாகி விடுகின்றான். இவ்வுண்மைக்குத் தொலைவில் எங்கும் சான்று தேட வேண்டுவதில்லை. தமிழகத்தின் தலைநகரே போதிய சான்றாகும்.

ஆண்டுதோறும் ஆகத்துத் திங்கள் 22-ஆம் நாள் நெருங்குங்கால், சென்னையில் ஒரு விழா எடுக்கப்படுகின்றது. நகரின் பிறந்தநாள் விழா என்று அதனைக் குறிக்கின்றனர். செய்தித்தாள் துறையைச் சார்ந்த ஆர்வலர் சிலரால் 2004-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அவ்விழா, இன்று பல நாள்கள் நீளும் பெருநிகழ்ச்சியாக வளர்ந்துள்ளது. பழங்கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் நடைச்செலவுகள், ஒளிப்படக் காட்சிகள், சொற்பொழிவுகள், மாணவர்க்கு வினாவிடைப் போட்டிகள் எனப் பலவும் நடைபெறுகின்றன. அனைத்திற்கும் அடிப்படை 1639 என்னும் ஓர் ஆண்டு. அவ்வாண்டிலிருந்து கூட்டிச் சென்னைக்கு முந்நூற்று எண்பது ஆண்டுகட்குச் சற்றே மேற்பட்ட அகவை என்று இளம் பிள்ளைகட்குச் சொல்லிக் கொடுக்கப்படுகின்றது.

தம் ஊரை மக்கள் கொண்டாடுவதில் எட்டுணையும் பிழையில்லை. கொண்டாடாமையே பிழை. ஆயினும், எதனை இவர்கள் பிறப்பு என்கின்றனர் என்பதை ஆராய்தல் தமிழர் கடமையாகும்.

அந்த நாளில் நடந்தது என்ன?

ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழும்பின் அலுவலனாகிய பிரான்சிசு டே என்பவன், துணி வணிகத்திற்கு ஏற்ற ஓரிடம் தேடிச் சோழமண்டலக் கடற்கரைக்கு வந்தான். விசயநகர அரசின் கீழ் இப்பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து, கோட்டை கட்டிக் கொள்ளவும் வணிகம் செய்யவும் இசைவாணை பெற்றான். ஊரின் வருவாயில் குழும்புக்குரிய பங்கும், அது நிற்கும் காலவரையும் அதில் குறிக்கப்பெற்றிருந்தன. இதுவே 1639-இல் நடந்தது.

அந்த நாளும் ஐயத்திற்கிடமானது. ஆவணப் படிகளில் காணப்படுவது சூலைத் திங்கள் 22. ஆனால், பிரான்சிசு டே இக்கரைக்கு வந்ததே சூலை 27-ஆம் நாள் என்று தெரிந்ததால், ஆராய்ந்தோர் அதனை ஆகத்து 22 எனத் திருத்திக் கொண்டனர். ஆங்கிலேயர் தம் ஆள்களுடனும் பொருள்களுடனும் இங்கு வந்து குடியமர்ந்ததோ 1640 பிப்பிரவரி 20-ஆம் நாள். ஆக, கொண்டாடப்படும் நாள், ஊர் தோன்றிய நாளுமன்று. ஆங்கிலேயர் குடியேறிய நாளுமன்று. ஓர் இசைவாணை எழுதப்பட்டதாகக் கருதப்படும் நாள், அவ்வளவே.

இதனினும் முகாமையான செய்தி ஒன்றுண்டு. அவ்வாணை ஒரு வெற்று மணற்பரப்பைக் குறிக்கவில்லை; மதராசப்பட்டினம் என்னும் ஊரைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. பெயருடைய ஊர், குடிகள் வாழ்ந்த ஊராகத்தானே இருத்தல் வேண்டும்? கிருட்டிணகிரி மாவட்டத்துப் பெண்ணேசுவர மடத்தில் உள்ள 1367-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்றில் மாதரசன் பட்டணம் என்னும் பெயர் வருதலையும் கல்வெட்டாய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். பின்னர்க் கோட்டையை ஒட்டி எழுந்த குடியிருப்புக்கு வேங்கடாத்திரியின் தந்தையார் சென்னப்ப நாயக்கர் பெயரால் சென்னப்பட்டினம் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

குடிகள் வாழும் வீட்டின் ஓர் அறையை வந்தவன் ஒருவனுக்குக் குத்தகைக்கு விட்டால், அந்தக் குத்தகைச் சீட்டை அவ்வீட்டின் பிறப்புச் சான்று என்று எவரேனும் கூறுவரோ? கூறுகின்றனர், ஆண்டுதோறும் விழா எடுத்துக் கூறுகின்றனர்.

தாயினும் மகள் மூத்தவளோ?

கோட்டையைச் சுற்றியிருந்த ஊர்களை ஆங்கிலேயர் ஒவ்வொன்றாகப் பெற்றனர். 1676-இல் திருவல்லிக்கேணி, 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை, 1708-இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு, 1742-இல் வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம் முதலியன, 1749-இல் மயிலாப்பூரும் சாந்தோமும். இன்று சென்னை எனப்படுவது இவ்வூர்கள் அனைத்தின் தொகுதி. கோட்டை இவ்வூர்களைப் பெற்றெடுக்கவில்லை; இவ்வூர்களின் நடுவே கோட்டை வந்து அமர்ந்தது. அமர்ந்ததன் அகவையை இருந்தவற்றின் மேல் ஏற்றுவது, மகளின் அகவையைத் தாய்க்குச் சூட்டுவது போன்றதன்றோ?

இவ்வூர்களின் அகவை கல்லில் இருக்கின்றது. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது; 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தது. கோயில் நிலம் ஒற்றி வைக்கப்பட்டதால் இறைவனுக்குரிய அமுதுபடி குறைந்து போக, புகழ்த்துணை விசயரையன் என்பவர் அந்நிலத்தை மீட்டு, முன்போல் அமுதுபடி நடக்கச் செய்த செய்தியை அது கூறுகின்றது. கோயிலும் நிலமும் ஒற்றியும் மீட்சியும் எழுத்தும் உடையதாய், ஆயிரத்து இருநூறு ஆண்டுகட்கு முன்னரே ஓர் ஊர் அங்கு முழுமை பெற்று வாழ்ந்திருக்கின்றது. அக்கல்வெட்டு எழுதப்பட்ட காலத்தில் கிழக்கிந்தியக் குழும்பு ஏது? அதனைத் தோற்றுவித்த ஆங்கில அரசுதான் ஏது?

திருவொற்றியூர்க் கோயிலில் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. பல்லவரும் சோழரும் இராட்டிரகூடரும் விசயநகரத்தாரும் ஆண்ட காலங்கள் அவற்றில் அடுத்தடுத்துப் பேசுகின்றன. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அக்கோயிலின் தூங்கானை வடிவக் கருவறை கருங்கல்லாற் கட்டப்பெற்றபோது, அதனைக் கட்டிய தச்சன் பெயரும் பொறிக்கப்பெற்றது. இரவி என்னும் அத்தச்சன் வீரசோழத் தச்சன் என்னும் சிறப்புப் பெயரும் பெற்றிருந்தான். உழைத்தவன் பெயரைக் கல்லில் எழுதி வைத்த ஊர் அது. கோட்டையைக் கட்டிய கொத்தர் பெயர்களுள் எத்தனை பெயர்கள் அவ்வாறு கோட்டைச் சுவரிற் பொறிக்கப்பட்டன என்று கேட்டுப் பார்த்தல் நன்று.

மயிலாப்பூரின் பழைமையோ கடல் கடந்தும் அறியப்பட்டது. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி தம் நிலநூலில் குறிக்கும் மயிலார்பா என்னும் துறை மயிலையே என்பர் அறிஞர். 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய மயிலைப் பதிகம், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என அவ்வூரின் விழாக்களைத் திங்கள் வாரியாக நிரல்படுத்துகின்றது. ஊர் மக்களின் ஓராண்டு வாழ்வைக் கூறும் அதனினும் சிறந்த ஊர் வரலாறு வேறு யாது? போர்த்துக்கேயர் 16-ஆம் நூற்றாண்டில் கடற்கரையில் குடியேறிய பின், கடலோரத்திருந்த பழங்கோயில் அழிந்தது. அதன் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பகுதியில் கிடைத்தன. இன்றுள்ள கோயில் பிற்காலத்தில் உள்ளே தள்ளிக் கட்டப்பெற்றது.

பல்லாவரத்தைப் பார்த்தால், காலத்தின் பல அடுக்குகள் ஓரூரிலேயே அமைந்திருத்தலைக் காணலாம். 1863 மே 30-ஆம் நாள், நிலநூல் அறிஞர் இராபர்ட் புரூசு பூட் அங்குத்தான் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சியே அக்கோடரியிலிருந்து தொடங்கிற்று. அதே பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த, அவன் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பெற்ற குடைவரை உள்ளது. பின்னாளில் அது முசுலிம் பெருமக்களின் வழிபாட்டிடமாயிற்று. அதே பல்லாவரத்தில்தான் 1911-ஆம் ஆண்டில் மறைமலையடிகள் குடியேறினார். அங்கிருந்தே 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தார். கற்கோடரி, கற்குடைவரை, சொற்போர் மூன்றும் ஓரூரில். வானூர்தி நிலையத்திற்குப் போகும் வழி என்பதற்கு மேல் பல்லாவரத்தைப் பற்றி அறிந்த சென்னைத் தமிழர் எத்தனை பேர்?

பெயரைக் காத்தல் உயிரைக் காத்தலாம்

ஊர்ப்பெயர் பற்றிப் பேசினால், பெயரில் என்ன இருக்கின்றது என்று கேட்கும் படித்த தமிழர் உளர். அவர்கட்கு 2015-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் விடை கூறிற்று. அப்பெருவெள்ளத்தில் நீர் எவ்வெவ்விடங்களில் தேங்கி நின்றது என்று பார்த்தால், பழம்பெயர்களின் பொருள் விளங்கும். தாங்கல் என்பது நீர் தங்கும் சிற்றேரி. ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல் என்னும் பெயர்களை வைத்தவர்கள், இங்கு நீர் தங்கும் என்று பின் வருவோர்க்கு எழுதி வைத்துச் சென்றனர். கேணி, ஏரி, குளம், கரை என்று முடியும் பெயர்கள் ஒவ்வொன்றும் அத்தகைய எச்சரிக்கையே. மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்திற்கும் மேற்கே பரந்து கிடந்த நெடிய ஏரி, 1920-களில் தொடங்கிய மாம்பலம் குடியிருப்புத் திட்டத்திற்காக உடைக்கப்பட்டது. இன்று தெருப்பெயர்களில் மட்டும் அவ்வேரி எஞ்சியுள்ளது.

இதில் அயலானை மட்டும் குறை கூறித் தமிழர் தப்பித்துக் கொள்ளுதல் இயலாது. 1976-இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் எழுந்ததே. நீரின்றி உலகியல் இல்லை என்று உணர்த்திய பேராசானுக்கு ஏரியைத் தூர்த்த நிலத்திற் கோட்டம் எழுப்பியது, ஊர் வரலாற்றைப் படியாமையின் விளைவன்றி வேறில்லை.

பெயர்களை இருபுறமும் அரித்துள்ளனர். ஆங்கிலேயன் நாவில் திருவல்லிக்கேணி திரிப்ளிகேன் ஆயிற்று. எழும்பூர் எக்மோர் ஆயிற்று. தண்டையார்பேட்டை தொண்டியார்பெட் ஆயிற்று. அவனுக்கு முன்னரே வடமொழிப் பற்றாளர் தம் பணியைத் தொடங்கி விட்டனர். அல்லி பூத்த கேணியாதலின் அல்லிக்கேணி. அவ்வழகிய தமிழ்ப் பெயரை அப்படியே வடமொழியிற் பெயர்த்துக் கைரவிணி என்று குளத்திற்குப் பெயரிட்டனர். திருவொற்றியூர்க்கு ஆதிபுரி என்று பெயர் சூட்டினர். பெயர்ப்பு மூலமாகவும் மூலம் பெயர்ப்பாகவும் காட்டப்பட்டன. ஆங்கிலேயன் வாயில் நுழையாமையாற் சிதைத்தான். இவர்கள் வாயில் நன்றாக நுழைந்ததையே மாற்றினர். தமிழரோ இரண்டையும் பொறுத்துக் கொண்டனர்.

தமிழர் தாமே சிதைத்த பெயர்களும் உண்டு. 1734-ஆம் ஆண்டில், நெசவாளரைக் குடியமர்த்தி அவர்தம் சிறு தறிகளை வைத்து உருவாக்கப்பெற்றது சின்னத்தறிப்பேட்டை. அது சிந்தாதிரிப்பேட்டையாகத் திரிந்தது. பெயர் திரிந்தவுடன் தறியும் மறைந்தது. தறி மறைந்தவுடன் நெய்தவன் மறைந்தான்.

1996-ஆம் ஆண்டில் மதராசு என்னும் பெயர் அலுவல் வழக்கிலிருந்து நீங்கிச் சென்னை என்பதே எம்மொழியிலும் பெயராயிற்று. அது நல்ல தொடக்கம். ஆயின், 2020 சூன் திங்களில் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று வெளியிடப்பெற்ற அரசாணை, எழுத்துக்கூட்டலில் எழுந்த குழப்பங்களால் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஊர்தோறும் பெயராய்வு முன்பே நடந்திருக்குமாயின் அக்குழப்பத்திற்கு இடமிருந்திராது. ஆய்வில்லாத ஆணை அடித்தளமில்லாத சுவர்.

யாருடைய நினைவு எழுதப்படுகின்றது?

ஆங்கிலேய ஆளுநர் எவர் எந்த மாளிகையில் வாழ்ந்தார், எந்தத் தோட்டத்தில் விருந்து நடந்தது, எந்தச் சாலைக்கு எந்தத் துரை பெயர் என்பனவெல்லாம் நுணுக்கமாக எழுதப்பட்டுள்ளன. அவ்வணிகத்தைத் தாங்கியவர் யார்? துணி நெய்த தறிகாரர், அதனை வெளுத்துக் கொடுத்த வண்ணார், சாயமிட்டவர், அலைகளினூடே அதனைக் கப்பலுக்குக் கொண்டு சேர்த்த கடலோடிகள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்பெறுமளவும் கப்பல்கள் தொலைவிற் கடலிலேயே நின்றன. மசூலாப் படகிலும் கட்டுமரத்திலும் சென்ற மீனவர் துணையின்றி எந்தத் துரையும் சென்னைக் கரையில் காலடி வைத்திருக்க இயலாது. கட்டுமரம் என்னும் சொல்லையே ஆங்கிலம் எடுத்துக் கொண்டது; கட்டியவன் பெயரை எடுத்துக் கொள்ளவில்லை.

பழைய கறுப்பர் நகரத்தின் கதையும் அத்தகையதே. கோட்டையின் வடபுறத்தே மக்கள் வாழ்ந்த அப்பகுதி, பிரெஞ்சுக்காரருடன் போர் நடந்த காலத்தை ஒட்டி, பீரங்கிச் சூட்டிற்குத் திறந்தவெளி வேண்டுமென்று இடித்துத் தள்ளப்பட்டது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிக்கப்பட்டு, பின்னர் வேறிடத்திற் கட்டப்பெற்றது. இன்று உயர்முறைமன்றம் நிற்பது அந்த நிலத்தில்தான். அவ்வளாகத்தின் செங்கற் கட்டட அழகை வியக்க ஆயிரம் பேர் உளர். அதனடியிற் புதைந்த வீடுகளை நினைக்க ஒருவரும் இலர். 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும்பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டியவர்கள் பசியால் ஊர்களைவிட்டு வந்த ஏழைத் தமிழர். கால்வாய்க்குப் பெயரோ பக்கிங்காம் கோமகனுடையது.

பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர் 1918 ஏப்பிரல் 27-ஆம் நாள் அமைத்த சென்னைத் தொழிலாளர் கழகம், இந்தியத் தொழிலாளர் இயக்கத்திற்கே முன்னோடி. திரு.வி.க. போன்ற தமிழ்ச் சான்றோர் அதற்குத் துணை நின்றனர். அவ்வாலை 1990-களில் மூடப்பட்டுப் போயிற்று. அதில் உழைத்த கடைசித் தலைமுறையினர் இன்று முதியோராய் வடசென்னைத் தெருக்களில் வாழ்கின்றனர். அவர்தம் நெஞ்சில் உள்ளதை இன்னும் பத்தாண்டுகளுக்குப் பின் எங்குச் சென்று கேட்பது?

இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை புகுந்து, 1939 சனவரி 15-ஆம் நாள் நடராசனும், மார்ச்சு 12-ஆம் நாள் தாளமுத்துவும் உயிர் நீத்தது இந்தச் சென்னையில்தான். மூலக்கொத்தளத்து இடுகாட்டில் அவ்வீகியர் உறங்குகின்றனர். எழும்பூரில் அவர்கள் பெயர் தாங்கிய அரசு மாளிகையும் உண்டு. நாள்தோறும் அம்மாளிகைக்குச் சென்று வருவோரில் அவ்விருவர் யாவர் என்று அறிந்தோர் எத்தனை பேர்? கோட்டைத் தேவாலயத்துக் கல்லறைகளைப் படித்துக் காட்டும் நடைச்செலவுகள், மூலக்கொத்தளத்திற்கும் செல்லுதல் வேண்டாவோ?

வரலாறு நிலத்தைக் காத்தது

ஊர் வரலாறு ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கன்று என்பதை மெய்ப்பித்த காலம் ஒன்று இருந்தது. ஆந்திர மாநிலம் பிரிக்கப்பட்ட காலை, சென்னை நகர் தெலுங்கர்க்கு வேண்டும், அன்றேல் பொதுவிலாயினும் இருத்தல் வேண்டும் என்னும் கோரிக்கை வலுவாக எழுந்தது. ம.பொ.சி. முதலியோர் நகரைக் காக்கக் கிளர்ந்தெழுந்தனர். ஊர்ப்பெயர், கோயில், மக்கள்தொகை எனச் சான்றுகள் அடுக்கப்பட்டன. 1953 அக்குதோபர் 1-ஆம் நாள் ஆந்திரம் பிரிந்தபோது, சென்னை தமிழகத்தோடு நின்றது. வடவெல்லையிலோ, பள்ளி ஆசிரியராகிய மங்கலங்கிழார் போன்றோர் ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்தே எல்லைக்குப் போராடினர். அப்போராட்டத்தின் பயனாய் 1960-இல் திருத்தணி மீண்டது. அன்று தமிழர் கையில் ஊர் வரலாறு இல்லாதிருந்திருக்குமாயின் இன்று தலைநகர் யார் கையில் இருந்திருக்கும்? 1639-இல் ஒரு நாயக்கரிடமிருந்து ஆங்கிலேயன் பெற்ற இடம் என்பதற்கு மேல் சென்னைக்கு வரலாறே இல்லை என்று ஒப்புக் கொண்டிருந்தால், உரிமை கோர எந்தச் சான்றைக் காட்டியிருக்க இயலும்?

ஆய்வு எந்த மொழியில்?

சென்னை வரலாற்றை எழுதியோரின் உழைப்பைப் பழித்தல் நன்றியன்று. எச்.டி. லவ் 1913-இல் வெளியிட்ட பெருந்தொகுதிகளும், சி.எசு. சீனிவாசாச்சாரியார் 1939-இல் எழுதிய நகர வரலாறும், கே.வி. இராமன் 1959-இல் எழுதிய பழஞ்சென்னைப் பகுதி வரலாறும், எசு. முத்தையா 1981 முதல் எழுதி வந்த நூல்களும் பெருமுயற்சியின் விளைவுகள். அவற்றுள் கே.வி. இராமன் நூல், கோட்டைக்கு முற்பட்ட ஊர்களையே ஆராய்ந்த அருநூல். ஆயினும் அனைத்தும் ஆங்கிலத்தில் எழுந்தன. மயிலையில் பூ விற்கும் பெண்ணும், காசிமேட்டில் வலை பின்னும் மீனவரும் தம் ஊர்க் கதையை அவற்றிற் படித்தறிய இயலுமோ? தமிழில் மா.சு. சம்பந்தனார் எழுதிய சென்னை மாநகர் போன்ற நூல்களும், 1946-இல் இரா.பி. சேதுப்பிள்ளை எழுதிய ஊரும் பேரும் பற்றிய நூலும், 1970-இல் தமிழக அரசின் தொல்பொருள் துறை வெளியிட்ட சென்னை மாநகர்க் கல்வெட்டுகள் தொகுதியும் வந்துள்ளன. எனினும் அவ்வழி தொடர்ந்து பெருகவில்லை.

அயலவர் சிலர்க்கிருந்த தமிழுணர்வு தமிழர்க்கில்லாமற் போனதே பெருவியப்பு. 1818-இல் சென்னையில் குடிநீர்த் தட்டுப்பாடு நேர்ந்தபோது, எல்லிசு என்னும் ஆங்கிலேய அலுவலர் கிணறுகள் வெட்டுவித்து, அச்செய்தியைத் தமிழ்ப்பாட்டாகக் கல்லிற் பொறித்து, அதனுள் குறட்பா ஒன்றையும் அமைத்து, தம் பெயரை எல்லீசன் என்றே எழுதுவித்தார். அக்கல்வெட்டு இராயப்பேட்டைக் கோயிற் கிணற்றையொட்டி அமைந்தது. தென்மொழிகள் வடமொழியிற் பிறந்தனவல்ல, தனிக்குடும்பம் என்று 1816-இலேயே, கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகட்கு முன், எழுதியவரும் அவரே. ஆங்கிலேயன் தமிழில் எழுதினான். தமிழன் ஆங்கிலத்தில் எழுதுகின்றான்!

காத்து வைத்தலிலும் தமிழர் பிந்தியவரே. உ.வே. சாமிநாதையர் வாழ்ந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த திருவல்லிக்கேணி வீடு, 2012-இல் இடிக்கப்பட்டது. கோயில்களைப் புதுப்பிக்கின்றோம் என்று கல்வெட்டின் மேல் வண்ணம் பூசுவதும், ஓடு பதிப்பதும், மணல் வீசி எழுத்தைத் தேய்ப்பதும் தமிழகத்தின் பல ஊர்களில் நிகழ்ந்துள்ளன. ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் அழிக்காத எழுத்தை ஒரு நாட் பணி அழித்து விடுகின்றது.

செய்யத் தக்கன

இவற்றிற்கு மாற்றாகச் சான்றில்லாப் பெருமை பேசுதல் பயன் தராது. ஒருவர் 1639 என்றால், மற்றொருவர் சான்று காட்டாமல் பத்தாயிரம் ஆண்டு என்று கூவுவது, பகைவர் கையிற் படைக்கலம் கொடுப்பதேயாகும். ஒரு பொய்யான கல்வெட்டுச் செய்தி, நூறு உண்மைக் கல்வெட்டுகளின் மதிப்பைக் கெடுத்துவிடும். கல்லில் உள்ளது எவ்வளவோ அவ்வளவே தமிழர்க்குப் போதும், அது குறைவன்று.

சென்னையிலும் பிற ஊர்களிலும் உள்ள தமிழ்க் கழகங்கள் ஒவ்வொன்றும் தன் ஊரின் வரலாற்றைத் தானே தொகுத்தல் வேண்டும். முதற்பணி, அறுபது அகவை கடந்தோரிடம் சென்று கேட்டல். பழைய தெருப்பெயர் யாது, ஏரி எங்கிருந்தது, மதகு எங்கிருந்தது, எந்தத் தொழில் செய்தோர் எந்தத் தெருவில் வாழ்ந்தனர், எந்த விழா நின்று போயிற்று என்று வினவி, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக் கொள்ளுதல் வேண்டும். குரலையும் பதிவு செய்தல் வேண்டும். சொன்னவர் பெயர், அகவை, கேட்ட நாள் மூன்றும் இன்றி எந்தக் குறிப்பும் ஆவணமாகாது. இரண்டாவது, வீட்டுப் பரண்களில் உறங்கும் பழைய நிலவோலை, விற்பனைச் சீட்டு, கணக்குச் சுவடி, திருமண அழைப்பு, துண்டறிக்கை ஆகியவற்றைப் படியெடுத்தல். மூன்றாவது, ஊர்க்கோயிற் கல்வெட்டுகளை ஒளிப்படம் எடுத்து, வெளிவந்த தொகுதிகளோடு ஒப்பிட்டு, எது இன்றும் உள்ளது, எது அழிந்தது என்று பட்டியலிடுதல். நான்காவது, கேட்ட செய்தியை எழும்பூர் ஆவணக் காப்பகத்து ஏடுகளோடும் பழைய நிலவரைபடங்களோடும் பொருத்திப் பார்த்தல். நினைவு பிழைபடலாம், ஏடும் பிழைபடலாம், இரண்டும் ஒத்து வருமிடத்து வரலாறு நிற்கும்.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பள்ளித் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை தம் மாணவரை அவரவர் தெருவின் வரலாற்றை எழுதச் செய்தால் போதும். நாற்பது மாணவர் எழுதினால் நாற்பது தெருக்களின் வரலாறு. அவற்றுள் முப்பது பயனற்றனவாகலாம். எஞ்சிய பத்தும் எந்தப் பல்கலைக் கழகத்திலும் கிடைக்காத செல்வம். தொகுத்தவற்றைச் சிறு வெளியீடாக, ஊர் மக்கள் விலை கொடுத்து வாங்கக் கூடிய அளவில், நல்ல தமிழில் அச்சிட்டு ஊர்க்கே திருப்பித் தருதல் வேண்டும். எடுத்த நினைவை எடுத்த இடத்திற்கே தராத ஆய்வு, விளைவித்தவனுக்கு நெல் தராத அறுவடை.

ஆகத்து 22-ஆம் நாளைக் கோட்டையின் நாள் என்று கொண்டாடுவோர் கொண்டாடட்டும். அது வரலாற்றில் ஒரு நாளே. ஆயின், அது சென்னையின் பிறந்தநாள் அன்று. ஒற்றியூர்த் தச்சன் கல் செதுக்கிய நாளும், அல்லிக்கேணியில் ஒற்றி நிலம் மீண்ட நாளும், சின்னத்தறிப்பேட்டையில் முதல் தறி ஓடிய நாளும், மூலக்கொத்தளத்தில் இரு ஈகியரைப் புதைத்த நாளும் சேர்ந்ததே சென்னையின் அகவை. அதனைக் கணிக்கும் உரிமை சென்னையை உழைப்பாலும் உயிராலும் காத்த மக்களுக்குரியது. அவர்கள் எழுதாதவரை அயலார் எழுதியதே வரலாறாக நிற்கும். எழுதத் தொடங்கும் நாளே தமிழர் தம் தலைநகரை இரண்டாம் முறை மீட்ட நாளாகும்.